பாலத்தின் நடுவில் கேட்ட கட்டளை

2005-ஆம் ஆண்டு, மழைக்காலம் முடியும் சமயத்தில் புதுச்சேரியில் என் மாமனார் இறந்துபோனார். பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். எங்கள் ஊர் வழக்கில் 'சொல்தா'.

கல்லறைத் தோட்டம் ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது. இடையே பிரெஞ்சுக்காரர் காலத்து இரும்புப் பாலம். முக்கோணம் முக்கோணமாகச் சட்டங்களைக் கோத்துக் கட்டியது. உப்புக் காற்றில் துருவேறிப் போயிருந்த அதை இடிக்காமல் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள். தளத்தைப் பெயர்த்துவிட்டு, நடந்து போகிறவர்களுக்கு மட்டும் நடுவில் பலகை போட்டிருந்தார்கள். வேலைக்குப் போகும்போது தினமும் நின்று பார்ப்பேன். எந்தச் சட்டத்தில் ஆணி கழற்றியிருக்கிறது, எங்கே பலகைக்கு அடியில் தாங்கல் குறைவு என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அதனால்தான் அவ்வளவு பயம்.

"வண்டியில சுத்திப் போயிடலாம்" என்றேன்.

மாமனாரின் பட்டாளத்து நண்பர்கள் கேட்கவில்லை. எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள், கோட்டில் பதக்கங்கள்.

"சொல்தாவ சொல்தாதான் தூக்கணும் மாப்பிள்ளை. இல்லன்னா எழுந்து வந்து திட்டுவான்" என்றார் அவர்களில் மூத்தவர்.

பெட்டியைத் தூக்குகிறவர்கள் முதலில் போகட்டும், மற்றவர்கள் பிறகு வரலாம் என்றார் பாலத்துக் காவலாளி. மாமியார் மட்டும் அதைக் காதில் வாங்காமல் எங்கள் பின்னாலேயே வந்தார். பட்டாளத்தாரில் ஓர் ஆள் குறைந்ததால் பெட்டியின் பின் மூலையில் நான் தோள் கொடுத்திருந்தேன்.

பலகையில் ஏறியதும் அந்தப் பட்டாளத்துக் கிழவர்களின் கால்கள் தாமாகவே அணிவகுப்புக்கு மாறின. எல்லா இடது கால்களும் சேர்ந்து விழுந்தன, பிறகு எல்லா வலது கால்களும். நானும் அதற்கே ஒத்து நடந்தேன். நடுப்பாலத்தில் பலகை கீழே தாழ்ந்து மேலே எழும்பியது. அடுத்த அடிக்கு இன்னும் தாழ்ந்தது. பெட்டி தோளில் துள்ளியது. பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கயிறுதான். கீழே செந்நிறத்தில் மழைத் தண்ணீர். சட்டென்று நின்றால் பின்னால் வருபவர் மோதுவார், ஓடவும் வழியில்லை. முன்னால் ஒருவருக்குக் கால் இடறியது.

அப்போது பின்னாலிருந்து கணீரென்று ஒரு குரல்: "பா த் ரூத்!"

மாமியார்தான். சேர்ந்து அடி வைக்காமல் அவரவர் போக்கில் நடக்கச் சொல்லும் பட்டாளத்துக் கட்டளை அது. அந்த நொடியே அத்தனை கிழவர்களும் அடியைக் குலைத்துக்கொண்டார்கள். பலகையின் ஆட்டம் மெல்ல அடங்கியது. தாறுமாறாக நடந்தே கரை சேர்ந்தோம்.

பெட்டியை இறக்கி வைத்ததும் மூத்தவர் மூச்சு வாங்கியபடி கேட்டார்: "மதாம், நீங்க எப்ப பட்டாளத்துல சேந்தீங்க?"

"அவரோட குடும்பம் நடத்துனது போதாதா? ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி வரப்ப எல்லாம் இந்தப் பாலத்துல அவரு இதத்தான் சொல்லுவாரு. நான் வேணும்னே அவரு அடியோட சேத்து வெப்பேன்."

அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர், அங்கே உட்கார்ந்து அழுதார்.

பாலம் சீராகி, இப்போது அதில் வண்டிகள் போகின்றன. மனைவியோடு அதில் நடக்கும்போது எங்கள் அடிகள் தாமாக ஒன்று சேர்ந்துவிடும். பழைய பயத்தில் என் அடியை மாற்றப் போவேன். மாமியாரை நினைத்துக்கொண்டு சேர்த்தே வைப்பேன்.