பின்சீட்டில் உட்காராத பதினான்கு மாதங்கள்

எண்பத்திரண்டு வருட வாழ்க்கையில் பதினான்கு மாதங்களைப் பற்றி மட்டும் சீமாட்டியின் வீட்டில் ஒரு பொய் இருந்தது.

தெருவே அவரைச் சீமாட்டி என்றுதான் சொல்லும். பட்டம் தாத்தாவோடு போய்விட்டது. நிமிர்ந்த முதுகும், வந்தவரை உட்காரச் சொல்லிவிட்டுத் தான் நின்றபடியே பேசும் பழக்கமும் போகவில்லை. இருபத்தோரு வயதில் நெஞ்சில் சளி முற்றி, மலைமேல் ஓர் ஆஸ்பத்திரியில் பதினான்கு மாதம் கிடந்தார் என்பது குடும்பக் கதை. அப்பா கட்டிய கதை. அண்ணன் நம்பினார், அண்ணன் மகன் நம்பினான், தோட்டக்காரர் வரை நம்பினார்கள்.

உண்மையில், பேசி வைத்த கல்யாணம் பிடிக்காமல் அவர் வேறொரு நகரத்துக்கு ஓடிப்போய், ஒரு பேக்கரியில் ரொட்டி வேன் ஓட்டினார். முனைக்கு முனை நீளமாக ஹாரன் அடிப்பார். பேக்கரியில் அவர் பெயரே ஹாரன்.

அறுபது வருடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. போன வருடம் அண்ணன் இறந்தார். இனி யார் மானமும் போகாது என்று நினைத்து, ஒருநாள் சாப்பிடும்போது அண்ணன் மகனிடம் சாதாரணமாகச் சொன்னார். வினை அங்கேதான் பிடித்தது.

அவன் கெட்டவன் இல்லை. ஆனால் அத்தை ஏற்கெனவே இரண்டு முறை அடுப்பை அணைக்க மறந்திருந்தார். வீட்டுச் சாவி ஃப்ரிட்ஜுக்குள் இருந்தது ஒரு முறை. இப்போது ரொட்டி வேன் வேறு. மறதி வைத்தியம் பார்க்கும் டாக்டரை வீட்டுக்கே வரவழைத்தான். நடக்காததை நடந்ததாக நினைக்கிறார் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால், கோர்ட் மூலம் வீட்டுப் பொறுப்பு அவன் கைக்கு வரும். அத்தை முதியோர் இல்லத்துக்குப் போவார். இதை அவன் அவரிடம் மறைக்கவும் இல்லை.

டாக்டர் வந்த அதே காலையில், ஷெட்டில் கிடந்த அப்பாவின் காரை, வாங்குகிறவருக்காக எடுத்துப்போக ஒரு மெக்கானிக்கும் வந்திருந்தார். அதையும் அண்ணன் மகன்தான் விலைபேசி முடித்திருந்தான், அத்தையைக் கேட்காமல்.

முன்னறையில் சோதனை நடந்தது. என்ன கிழமை என்ற கேள்விக்குச் சீமாட்டி தயங்காமல் தப்பான கிழமையைச் சொன்னார். கடிகாரத்தை அழகாக வரைந்தார். நினைவில் வைக்கச் சொன்ன மூன்று சொற்களில் இரண்டைச் சொல்லிவிட்டு, மூன்றாவதை டாக்டர் சொல்லவே இல்லை என்று வாதாடினார். வேன் பற்றிக் கேட்டபோது குரல் தெளிந்தது. பழைய வண்டிக்கு கிளட்சை ஒரே மிதியாக நீளமாக மிதித்து கியர் மாற்ற வேண்டும் என்று விளக்கினார். கடைசியில் அப்பா பேக்கரிக்கே வந்து, ஷெட்டில் இருக்கும் இதே காரின் பின்சீட்டில் தன்னைத் தள்ளிக் கூட்டிவந்த கதையையும் சொன்னார். அந்தத் தோல் சீட்டின் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறதாம். அண்ணன் மகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வெளியே கார் கிளம்பியது. உடனே இரும்பை இரும்பு கடிக்கும் சத்தம். மறுபடியும் அதே சத்தம். சீமாட்டி பேனாவை மூடிவைத்து எழுந்தார்.

“டாக்டர், அந்த ஆள் கியரை உடைச்சுருவான். வாங்க.”

மெக்கானிக் வியர்த்து உட்கார்ந்திருந்தார். “கிளட்ச ரெண்டு தடவ மிதிக்கணும்னு கேள்விப்பட்டிருக்கேம்மா. கால் பழகல.”

“இறங்குப்பா.”

“அத்தை, வேணாம்,” என்றான் அண்ணன் மகன்.

“நீ பின்னாடி ஏறு.”

டாக்டர் யாரையும் கேட்காமல் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். சீமாட்டி கிளட்சை மிதித்து கியரை நடுவுக்குக் கொண்டுவந்தார், விட்டார், மறுபடி மிதித்தார். கியர் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இறங்கியது. பெரிய கார் வீட்டைச் சுற்றி உருண்டது. பின்பக்க முனையில் ஆளே இல்லாத இடத்தில் அவர் நீளமாக ஹாரன் அடிக்க, பாத்திக்குள் குனிந்திருந்த தோட்டக்காரர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார்.

“ஒரே மிதின்னு சொன்னீங்க. ரெண்டு தடவ மிதிக்கிறீங்களே?” என்றார் டாக்டர்.

“சொன்னது வாய். மிதிச்சது கால். நீங்க எதை எழுதப் போறீங்க?”

பின்சீட்டிலிருந்து மெல்லக் குரல் வந்தது. “அப்பா ஆஸ்பத்திரின்னு சொன்னாரே, அத்தை.”

“உங்கப்பன்கிட்டயும் அப்படித்தான் சொல்லிவச்சாங்க. பாவம், குளிர்காலம் வந்தா இருமல் மருந்தோட வந்து நிப்பான். நானும் வாங்கிக் குடிச்சேன்.”

டாக்டர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரித்தார்.

வாசலுக்கு வந்து இறங்கியதும் சீமாட்டி பின்கதவைத் தட்டி, இருபத்திரண்டு வயதில் இதில்தான் தன்னைத் தூக்கிப்போட்டுக் கொண்டுவந்தார்கள் என்று மெக்கானிக்கிடமும் சொன்னார். மெக்கானிக் அவருடைய இப்போதைய வயதைக் கேட்டு, நெற்றியைச் சொறிந்துகொண்டு கணக்குப் போட்டார். பிறகு பானெட்டைத் திறந்து பித்தளைத் தகடு ஒன்றைக் காட்டினார். அதில் பொறித்திருந்த வருடத்தில் சீமாட்டிக்கு வயது இருபத்தைந்து. அவர் வீடு திரும்பியபோது இந்தக் கார் உலகத்திலேயே இல்லை.

சீமாட்டி தகட்டை விரலால் தடவிப் பார்த்தார். அந்தப் பின்சீட்டுக்காகத்தான் அப்பாவோடு கடைசிவரை முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார். இப்போது ஒரு பஸ் படிக்கட்டும், மாவு படிந்த தன் செருப்பும் கண்ணுக்குள் வந்தன. அது நடந்ததா, இந்த நிமிஷம் மனசு ஜோடித்ததா என்று அவரால் பிரிக்க முடியவில்லை.

“நானேதான் திரும்பி வந்தேனோ என்னவோ. தெரியல,” என்றார். “அதையும் எழுதிக்கங்க டாக்டர்.”

“மறதி இருக்கு,” என்று டாக்டர் அண்ணன் மகனிடம் சொன்னார். “ஆனா நெஞ்சுச் சளிக்கு எந்த ஆஸ்பத்திரியிலயும் இப்படி கியர் மாத்தச் சொல்லித் தர மாட்டாங்க. நீங்க கேக்கிற மாதிரி நான் எழுத முடியாது.”

அண்ணன் மகன் தலையாட்டினான். தானாக அணையும் அடுப்பு ஒன்று மாட்டலாமா என்று மட்டும் கேட்டான். சீமாட்டி சரி என்றார். அதை இன்றைக்கே மாட்டச் சொன்னார்.

கார் ஷெட்டுக்குத் திரும்பிவிட்டது. வாங்குகிறவர் திங்கட்கிழமை வருகிறார். இந்த முறை விலையைச் சீமாட்டி பேசுவார்.