பேட்டரி இல்லாத மதர்போர்டு

ஜாப் கார்டு எண் 1148. தேதி 9-8-2023, புதன்கிழமை. "ஸ்லிம் டெஸ்க்டாப், விண்டோஸ் 7. ஸ்கிரீனில் ஊதாக் கோடு, கலர் மாறுகிறது. கிராபிக்ஸ் கார்டு போட வேண்டும். மூவாயிரத்துக்குள். கார்டு மட்டும், வேறு எதையும் தொட வேண்டாம்." கடைசி வரியை வாடிக்கையாளர் சொல்லச் சொல்ல எழுதினேன். கையெழுத்து என்னுடையது.

தேனாம்பேட்டையில் இருபத்திரண்டு ஆண்டுகள் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்த்தேன். ஒவ்வொரு வேலைக்கும் கார்டு எழுதி, தேதி வாரியாக அடுக்கி வைத்திருக்கிறேன். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒரே ஒரு கார்டைக் காட்டச் சொன்னால் இதைத்தான் எடுப்பேன்.

வாடிக்கையாளர் பெயர் நசீர் பாய். மாம்பலம் ரயில் நிலையத்தை ஒட்டிய சந்து ஒன்றில், முதல் மாடியில், ஒரே ஒரு எம்பிராய்டரி மெஷின் வைத்திருந்தார். தி.நகர் டெய்லர்கள் அனுப்பும் கல்யாண ரவிக்கைகளுக்குப் பூவேலை. டிசைனைக் கணினியில் வரைவார், மெஷின் தைக்கும். ஸ்கிரீனில் நிறம் மாறியதால் கிளிப்பச்சை வரவேண்டிய ஒரு ரவிக்கையில் ராமர் பச்சை ஏறிவிட்டது.

"அந்தம்மா ரவிக்கைய என் மூஞ்சில வீசல, அவ்ளோதான். ஆவணி பொறந்தா முகூர்த்தம் சார். பத்தொம்பது பீஸ் கீது."

"சிஸ்டம் ரொம்பப் பழசு பாய். புதுசு ஒண்ணு பாக்கலாமே?"

"வாங்கிக் குடு நைனா. உங்க வூட்டு கல்யாணத்துக்கு ஃப்ரீயா அடிச்சுத் தர்றேன்."

பழைய டெஸ்க்டாப்புக்குக் கார்டு தேடுவதில் விலை இரண்டாவது கவலைதான். அவருடைய கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். வெறும் இருநூற்று இருபது வாட். தனியாக பவர் கேபிள் கேட்கும் கார்டு எதுவும் ஆகாது. கேபினெட் ஒல்லி என்பதால் பாதி உயரக் கார்டுதான் நுழையும். மானிட்டரில் இருந்தது பழைய வி.ஜி.ஏ. இணைப்பு மட்டும். இந்த மூன்றுக்கும் பொருந்தியதாக, ரிச்சி தெருவில் இரண்டு நாள் அலைந்து, பயன்படுத்திய கார்டு ஒன்றை இரண்டாயிரத்து நானூறுக்குப் பிடித்தேன். அந்தத் தேடலைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் அவர் இடத்துக்கே போனேன். தைத்து முடித்த ரவிக்கைகளைப் பையில் போட்டுக்கொண்டு அவர் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"பாண்டி பஜார்ல குடுத்துட்டு வந்துடறேன். கார்டு மட்டும் சார். ஞாபகம் கீதா?"

"ஞாபகம் இருக்கு பாய்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ராம் மாற்றக் கொடுத்தால் ஃபேன், கேபிள், கிளீனிங் என்று பில்லை நீட்டுகிறவர்கள் எங்கள் தொழிலில் உண்டு. பாய் எங்கோ அடிபட்டிருக்கிறார், அதனால் சொல்கிறார் என்று நினைத்தேன். ஏன் என்று கேட்கவில்லை.

கேபினெட்டைத் திறந்தேன். மதர்போர்டில் நாணயம் போன்ற சிறு பேட்டரி இருக்க வேண்டிய இடம் காலி. கணினியை அணைத்தாலும் தேதியை நினைவில் வைத்திருப்பது அந்த பேட்டரிதான். ஆன் செய்ததும் எஃப் ஒன் கீயை அழுத்தச் சொல்லி நின்றது. அழுத்தினேன். தேதி 1 ஜனவரி 2009. டிசைன் ஃபோல்டரைப் பார்த்தால், நூற்றுக்கணக்கான கோப்புகளுக்கும் அதே தேதி. என்னைப் போன்ற ஆளால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. தேதி அவ்வளவு பின்னால் இருந்ததால் புதுக் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளும் இன்ஸ்டால் ஆகவில்லை.

செத்த பேட்டரியைக் கண்டால் புதிது போட்டு, அதன் மேல் மார்க்கரில் தேதி எழுதுவது என் வழக்கம். அதற்குக் காசு வாங்குவதில்லை. அன்றும் போட்டேன். தேதியைச் சரிசெய்தேன். டிரைவர் ஏறியது. ரீஸ்டார்ட் ஆனதும் நிறமெல்லாம் பளிச்சென்று வந்தது. டிசைன் மென்பொருள் தானாகத் திறந்து ஒரு சின்னப் பெட்டியைக் காட்டியது: லைசன்ஸ் காலம் முடிந்துவிட்டது. கீழே ஓ.கே. என்று இருந்தது. அழுத்தினேன். மென்பொருள் மூடிக்கொண்டது.

நசீர் பாய் திரும்பி வந்ததும் படத்தைப் பார்க்கவில்லை. ஸ்கிரீனின் வலது கீழ் மூலையைத்தான் பார்த்தார்.

"இன்னா சார், தேதி ஓடுது?"

"பேட்டரியே இல்ல பாய், புதுசு போட்டேன். காசு வேணாம்."

ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். "அத கழட்னது நான்தான் சார்."

கோயம்புத்தூரில் இருந்த அந்த மென்பொருள் நிறுவனம் எட்டு ஆண்டுகளுக்கு முன்பே மூடப்பட்டிருந்தது. "வருஷா வருஷம் கட்டிக்கினுதான் இருந்தேன். இப்பவும் கட்ட ரெடி, வாங்கறதுக்கு ஆள் இல்ல. லைசன்ஸ் தேதி தாண்டக் கூடாதுன்னு பேட்டரிய கழட்டிட்டேன், அதான் இது டெய்லி ஜனவரி ஒண்ணாந்தேதி எழுந்துக்கும். நான் எஃப் ஒன் தட்டுவேன். எட்டு வருஷமா ஓடுச்சு."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே பாய்."

"இத போய் வெளில சொல்வாங்களா? எதையும் தொடாதன்னு சொன்னேன்ல."

பேட்டரியைக் கழற்றி, தேதியைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தேன். பலனில்லை. காலம் முடிந்ததை ஒருமுறை பார்த்ததும் அந்த மென்பொருள் தனக்குள்ளே குறித்துக்கொண்டுவிட்டது. பழைய சி.டி.யிலிருந்து மறுபடி போட்டால், மூடிப்போன நிறுவனத்துக்குப் போன் செய்து எண் வாங்கச் சொன்னது. அவருடைய டிசைன்களோ வேறு எந்த மென்பொருளிலும் திறக்காதவை. மெஷினில் ஏற்றிய சில டிசைன்கள் இருந்தன. ஆனால் ரவிக்கை அளவு மாறினால் மூல டிசைன் வேண்டும். ஆழ்வார்ப்பேட்டைக் கல்யாணப்பெண் ஒருத்தி, அக்காவுக்கு அடித்த அதே அன்னப்பட்சி வரிசையைக் கேட்டிருந்தாள். அது அந்த ஃபோல்டரில், ஒரு ஜனவரி ஒன்றாம் தேதிக் கோப்பாக இருந்தது.

பத்தொன்பதில் எட்டை, தெரிந்தவர் ஒருவரின் கணினியில் புதிதாக வரைந்து முடித்தார். மற்றவை வேறு இடத்துக்குப் போயின. அன்னப்பட்சியும் போயிற்று.

பத்து நாள் கழித்து எங்கள் கடைக்கு வந்து, மேஜையில் அந்த பேட்டரியை வைத்தார்.

"உங்களுது சார். தேதியெல்லாம் எழுதி வச்சிருக்கீங்க."

திட்டவில்லை. கார்டு நன்றாக வேலை செய்கிறது என்றும் சொல்லிவிட்டுப் போனார். தை மாதம் மெஷினை விற்றார். இப்போது இன்னொருவருடைய யூனிட்டில் ஆபரேட்டர்.

அதன் பிறகு ஜாப் கார்டில் ஒரு வரி சேர்த்து அச்சடித்தேன்: "எதைத் தொடக் கூடாது? ஏன்?" இரண்டாவது கேள்விக்குப் பதில் எழுதாமல் ஒரு கேபினெட்டையும் அதன்பின் நான் திறக்கவில்லை. தவறாக இருப்பது எல்லாம் பழுது இல்லை என்று கற்றுக்கொள்ள இருபத்தோரு ஆண்டுகள் ஆயின.

என்னோடு வேலை பார்த்த ஒருவர் பின்னாளில் சொன்னார்: அந்தப் பெட்டி வந்த நேரத்தில் ஓ.கே. அழுத்தாமல் பவரைப் பிடுங்கியிருந்தால், மென்பொருள் எதையும் குறித்திருக்காது, டிசைன்கள் பிழைத்திருக்கும். சரிபார்க்க அந்த ஹார்ட் டிஸ்க் வேண்டும். அது நசீர் பாயிடம் இருக்கிறது. நான் இன்னும் போய்க் கேட்கவில்லை. ஆகவே இது உண்மையா என்று எனக்குத் தெரியாது.