கடைசிப் பக்கத்தில் அக்காவின் பெயர்

“…அப்ப இந்தப் புஸ்தகப்படி பாத்தா, இவருகூட துபாய்க்குப் போவ வேண்டியவ நான்தானடா?” என்றாள் அக்கா.

கேட்டது என்னிடம். ‘இவர்’ என்று அவள் சொன்ன ஆள், அவளுக்குத் தாலி கட்டிய என் மாமா, மூன்றடி தள்ளிப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பதினெட்டு வருஷமாக இருவருக்கும் பேச்சு கிடையாது. அதனால் அன்றைக்கு ரெண்டு பேரும் என்னிடமே பேசினார்கள்; நான் நடுவில் தபால்பெட்டி மாதிரி நின்றேன். அக்காவின் கையில் மாமாவின் பாஸ்போர்ட், கடைசிப் பக்கம் திறந்தபடி. மனைவியின் பெயர் என்ற இடத்தில் அவள் பெயர்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் எனக்கு ஒரு சின்னக் கடை. ஜெராக்ஸ், போட்டோ, பாஸ்போர்ட், விசா விண்ணப்பம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். படிவம் நிரப்பி நிரப்பித்தான் எனக்குப் படிப்பு வந்தது. மிச்சமெல்லாம் கடைக்கு வருகிறவர்களின் வாயிலிருந்து பொறுக்கிக்கொண்டது. விசாவுக்குப் போட்டோ எடுக்க வந்த ஒரு பெரியவரிடம், வெள்ளைத் துணிக்கு முன்னால் காது தெரிய உட்காருங்க, சிரிக்கக் கூடாது என்றேன். “சிரிக்கிறவன உள்ளயே உடமாட்டானா? அப்புறம் அந்த ஊருக்கு என்னாத்துக்குப் போவணும்?” என்றார். இந்த மாதிரிப் பேச்சுக்கென்றே ஒரு நோட்டு வைத்திருக்கிறேன்.

அந்த நோட்டில் அக்கா சொன்னதும் இருக்கிறது. சுற்றுலா விசாவுக்கு என்னென்ன கேட்பார்கள் என்று ஒரு தடவை விசாரித்தாள். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாசமாவது செல்லணும், தங்குகிற ஓட்டல் சீட்டு வேணும், திரும்பி வருகிற டிக்கெட்டும் காட்டணும் என்றேன். “போறவன் திரும்பி வருவான்னு முன்னாடியே எழுதி வாங்கிக்கிறாங்களா? புத்தியுள்ள கவர்மெண்டு. எனக்குத் தோணாமப் போச்சே” என்றாள்.

மாமா போய்த் திரும்பாதவர். போனது ஒன்றும் தூரதேசம் இல்லை, புவனகிரி. அங்கே உரக்கடை வைத்தார், இன்னொரு குடும்பமும் வைத்தார். கிளம்பின அன்று, “என் கதி என்னா?” என்று கேட்ட அக்காவிடம், செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: “பொண்டாட்டின்னு பேரு இருக்குதுல்ல, அத வச்சிக்கினு இரு.” நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அந்த நோட்டில் முதல் வரி அதுதான். அக்கா கடலூரில் ஒரு ரூம் பிடித்து, அங்கே குடிகாடு என்கிற ஊர்ப் பக்கம் ஒரு கேன்டீனில் சமையலுக்குப் போய், தலையை நிமிர்த்திக்கொண்டாள். நான் மட்டும் அந்த வரியை அவ்வப்போது எடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷம் ஓர் உரக் கம்பெனி, நிறைய விற்ற கடைக்காரர்களை ஜோடி ஜோடியாகத் துபாய்க்குக் கூட்டிப்போக ஏற்பாடு செய்தது. மாமாவும் பட்டியலில் இருந்தார்.

ஒரு புதன்கிழமை கடைக்குள் வந்து, “எப்டிடா மச்சான் இருக்க?” என்றார், நேற்றுத்தான் பார்த்த மாதிரி. பிறகு பாஸ்போர்ட்டை மேஜைமேல் வைத்தார்.

“விசா போடுற ஆளு திருப்பி உட்டுட்டான்டா. உங்க ஒய்ஃப் பேரு ஒண்ணு இருக்குது, கூட வர்றவங்க வேற ஒருத்தரா இருக்காங்களேங்கறான். அதயும் தனியா கேக்கல. டீலருங்க அத்தினி பேரும் இருக்குற வாட்ஸ்அப் குரூப்புல கேக்குறான். இந்தப் பேரு எப்டி இதுல வந்துது?”

“நீதான் மாமா சொன்ன. நான்தான் எழுதுனேன்.”

கல்யாணமான புதிதில் வளைகுடாவுக்குப் போகிறேன் என்று அவர் துடித்தபோது நான் நிரப்பிக் கொடுத்த படிவம் அது. என் வாழ்க்கையில் நான் நிரப்பிய முதல் பாஸ்போர்ட் படிவம். அவர் போகவில்லை. பத்து வருஷம் கழித்து யாரையோ பிடித்துப் புதுப்பித்தபோதும் அந்தப் பெயர் அப்படியே வந்திருக்கிறது. கடைசிப் பக்கத்தை யார் பார்க்கிறார்கள்!

பையிலிருந்து ஒரு முத்திரைத்தாளை எடுத்தார். இருவருக்கும் இனி ஒரு சம்பந்தமும் இல்லை என்று டைப் அடித்த விடுதலைப் பத்திரம். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அதையே விவாகரத்து என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கோர்ட்டுத் தீர்ப்பு இல்லாமல் பாஸ்போர்ட் ஆபீசில் மனைவி பெயரை எடுக்கமாட்டார்கள், இந்தத் தாள் அங்கே செல்லாது என்பது எனக்குத் தெரியும். யார் வந்து கேட்டாலும் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுவேன். அவரிடம் சொல்லவில்லை. செல்லாத ஒரு தாளுக்காக அவர் அக்கா முன்னால் கெஞ்சுவதைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

“அக்காவயே கேளு மாமா. சனிக்கிழம வரச் சொல்றேன்” என்றேன்.

சனிக்கிழமை முன்னாடியே வந்துவிட்டார். மூன்று பேருக்கு ஜெராக்ஸ் போட்டு முடிக்கிறவரை காக்க வைத்தேன். ஃபேனை மிஷின் பக்கம் திருப்பிவிட்டேன். டீ சொல்லவில்லை. சின்ன புத்திதான், இருக்கட்டும்.

அக்கா கடலூர் பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

“அவுங்கள இதுல ஒரு கையெழுத்துப் போடச் சொல்லு மச்சான்” என்றார் மாமா.

“எதுக்காம்னு கேளுடா.”

“அந்தப் பேர எடுக்கணும்.”

“பேர வச்சிக்கினு இருன்னுதான சொன்னாரு? வச்சிக்கினுதான் இருக்கேன். குடுத்தத இப்ப திருப்பிக் கேக்குறாரா?”

“அது என்னமோ கோவத்துல சொன்னது. டீலருங்க மத்தியில மானம் போவுது மச்சான்.”

“என்னுது பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடியே போச்சி. ரெண்டு மானமும் ஒண்ணா சேந்து துபாய சுத்திட்டு வரட்டும்னு சொல்லு.”

ஜெராக்ஸுக்கு நின்றிருந்த காலேஜ் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமாவின் கழுத்து வேர்த்தது. அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பாஸ்போர்ட்டை வாங்கி, தன் பெயரை எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தாள். அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள், போக வேண்டியவள் நான்தானே என்று.

“சட்டப்படி ஆமாங்க்கா” என்றேன். அவ்வளவு ருசியாக நான் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை.

“ஏய், வாணாம்…” என்று மாமா எழுந்தார். பதினெட்டு வருஷத்தில் அவர் நேராக அவளிடம் சொன்ன முதல் சொல்.

அக்கா அவர் பக்கம் திரும்பவில்லை. பாஸ்போர்ட்டை மூடி மேஜைமேல் வைத்தாள். முத்திரைத்தாளை எடுத்து நாலாக மடித்து, போட்டோ ஸ்டூலில் இருந்த தூசியை அதால் துடைத்தாள். வெள்ளைத் துணிக்கு முன்னால் உட்கார்ந்து, இரண்டு காதும் தெரிய முடியை ஒதுக்கிக்கொண்டு, கேமராவை நேராகப் பார்த்தாள். சிரிக்காதக்கா, சிரிக்காதக்கா என்று நான் மூன்று தடவை சொல்லியும், ஒவ்வொரு படத்திலும் சிரித்தாள்.