மூச்சிழுத்துப் பார்த்தவர்

கோவில்பட்டி கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தார் அவர். ஒட்டிய கன்னம், விரல் நுனியில் போகாத ஊதா மருந்துக் கறை. வீட்டைக் காலி செய்துகொண்டு போகிறவர்கள் கூண்டோடு விட்டுப்போகும் லவ்பேர்ட்ஸை எடுத்துவந்து, தீனி போட்டுத் தேற்றி, சைக்கிளில் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக நல்ல வீடு தேடுவார். சும்மாதான் கொடுப்பார். ஆனால் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்துப் பார்ப்பார்.

என் மகள் இருமிக்கொண்டே குருவி கேட்டாள். அதற்காகத்தான் அவரைக் கூப்பிட்டேன். கூண்டில் பச்சையில் ஒன்றும் மஞ்சளில் ஒன்றும் ஒட்டி உட்கார்ந்திருந்தன. எங்கள் ஒற்றை அறையில், நான் கூலிக்கு மருந்தில் முக்கியெடுத்த தீக்குச்சிகள் கட்டை கட்டையாகக் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றை ஒட்டி மகளின் பாய். அவர் மூச்சிழுத்தார். கூண்டைக் கீழே வைக்கவே இல்லை.

“இங்கன வேண்டாம்மா. இந்த நெடி குருவிக்கு ஆகாது, செத்துப்போகும்.”

“எம் மவ இங்கனதானே அண்ணாச்சி படுக்கா?”

அவர் பாயில் கிடந்த மகளைப் பார்த்தார். பிறகு அடைத்துக் கிடந்த ஜன்னலை எட்டி, அகலத் திறந்துவிட்டு, கூண்டோடு இறங்கிப் போனார்.

எங்கள் தெருவில் கட்டை காயாத வீடு ஏது? அன்று எந்த வீட்டிலும் அவர் கூண்டை இறக்கவில்லை. நல்லவர்தான். அதுதான் எனக்கு ஆத்திரம்.

அவர் தெருமுனையில் மறையும்வரை பார்த்திருந்தேன். அப்புறம் ஜன்னலைச் சாத்தினேன். சாத்தாவிட்டால் கரிசல் புழுதி வந்து ஈர மருந்தில் ஒட்டிவிடும்.