மூளி அன்னத்தாயின் துப்பாக்கி

அன்னத்தாய்க்குக் கோபம் மூக்குநுனியில் என்று ஊரில் சொல்வார்கள். பொய். அவளுக்கு உடம்பு முழுக்கக் கோபம். இல்லாவிட்டால் அந்தத் தோப்பு என்றைக்கோ போயிருக்கும்.

அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில், சேரன்மகாதேவி சிவசண்முகம் பிள்ளைக்கு ஒரு தென்னந்தோப்பு. அன்னத்தாயின் புருஷன் கருத்தையா அதைக் குத்தகைக்குப் பார்த்துவந்தான். வாதம் வந்து அவன் கட்டிலோடு கிடந்ததும் அவள் பார்த்தாள். பக்கத்துத் தோப்புக்காரன் ஐயம்பெருமாள், அவளுடைய கொழுந்தன்தான். அவனுக்கு அது பொறுக்கவில்லை.

அந்த வருஷம் மலையணில் இறங்கிவிட்டது. பூனை பருமன் இருக்கும். இளங்காயைத் துளைத்துக் குடித்துவிட்டுக் வெறுங்கூட்டைக் கீழே போடும். ஐயம்பெருமாள் பிள்ளையின் காதில் போய் ஓதினான். பிள்ளையும் சொல்லிவிட்டார்: அடுத்த தேங்காய் வெட்டுக்குள் அணில் ஒழியவேண்டும், இல்லையென்றால் தோப்பு ஐயம்பெருமாளுக்கு.

"கல்லெறிஞ்சு பாருங்க மதினி. அணிலு திருப்பித் தேங்காயால எறியும்" என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தான் கொழுந்தன்.

"துப்பாக்கி வாங்குதேன் வே. முதல்ல அணிலு. அடுத்தது யாருன்னு பிறகு பாப்போம்."

லைசென்சில் புருஷன் பேரோடு தன் பேரையும் சேர்க்கச் சொல்லி, தாலுகா கச்சேரியில் அவள் போட்ட சத்தத்தில் குமாஸ்தா எழுதுகோலைக் கீழே போட்டுவிட்டான்.

திருநெல்வேலியில் பீர் முகம்மது கடை. அவர் முதலில் ஒரு பெரிய துப்பாக்கியை எடுத்து, தானே திரும்ப வைத்தார்.

"இது பன்னிக்கு. உங்க தோளைப் பேத்துரும் தாயி. அணிலுக்கு இது போதும்." ஒல்லியான ஒன்றை நீட்டினார். அதன் தோட்டா சுண்டுவிரல் நுனியளவு. அதன் அடிப்பக்கத்து விளிம்பில் துப்பாக்கிக்குள் இருக்கும் ஊசி அடித்தால் வெடிக்கும். விலையும் மலிவு.

தென்னை உச்சி தெரிய, துப்பாக்கி மேலே பூட்டிக் குறிபார்க்கிற பித்தளைக் கண்ணாடிக்குழல் இரண்டு இருந்தன. பளபளப்பானதை எடுத்து எதிர்க்கூரைக் காக்கையைப் பார்த்தாள். தலையை லேசாக அசைத்தாள். காதில் தொங்கிய கனத்த பாம்படங்கள் ஆடின.

"என்ன அண்ணாச்சி, காக்கா உக்காந்திருக்கு, குழலுக்குள்ள குறிக்கோடு நடக்குது?"

பீர் முகம்மது சிரித்துவிட்டார். "மலிவுக் கண்ணாடி கொஞ்சம் நடக்கத்தான் செய்யும். கன்னம் எப்பவும் துப்பாக்கிக் கட்டையில ஒரே இடத்துல உக்காரணும் தாயி. இல்லேன்னா குறி பொய் சொல்லும்."

கீறல் விழுந்த மற்றதில் கோடு குறைவாக நடந்தது. அதையே வாங்கினாள்.

தோப்பில் ஒரு சிரட்டையில் சுண்ணாம்புப் பொட்டு வைத்து, மணல்மூட்டை மேல் துப்பாக்கியைச் சாய்த்துக் குனிந்து சுட்டாள். குண்டு விலகிப் போனது. குழலின் திருகை இம்மி இம்மியாகத் திருப்பித் திருப்பிச் சுட்டாள். கடைசியில் பொட்டு தெறித்தது.

பிள்ளை பார்க்க வந்த அன்று அணில் உச்சிமட்டையில் உட்கார்ந்திருந்தது. அண்ணாந்து சுட்டாள். மட்டை ஆடியது. அணில் எட்டிப் பார்த்தது.

"மட்டையைச் சுட்டுட்டியளே மதினி! அடுப்புக்கு ஆச்சு!" என்றான் வேலியோரம் நின்ற ஐயம்பெருமாள்.

"நாளைக்கும் வாரேன். அத்தோட சரி" என்று சொல்லிப் பிள்ளை குடையை விரித்தார்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போதுதான் அன்னத்தாய் கன்னத்தைத் தடவினாள். சிரட்டையைச் சுட்ட நாளெல்லாம் அங்கே ஒரு குழி விழும். பாம்படம் கன்னத்துக்கும் கட்டைக்கும் நடுவில் மாட்டி அழுத்திய குழி. இன்றைக்கு இல்லை. அண்ணாந்ததும் பாம்படம் பின்னால் சரிந்துவிட்டது, கன்னம் வேறிடத்தில் உட்கார்ந்துவிட்டது. பாம்படத்தோடு சேர்த்தல்லவா குறி வைத்திருக்கிறாள்!

இரண்டு காதிலும் கழற்றினாள். கட்டிலில் கிடந்த கருத்தையா பதறினான்.

"ஏட்டி, நான் உசுரோட இருக்கையிலயே தாலியறுத்தவ மாதிரி காதை மூளியாக்குதியா?"

"நீரு இருக்கணும்னுதான் கழட்டுதேன். தோப்பு போச்சுன்னா கஞ்சி எங்கன இருந்து வரும்?"

விடிந்ததும் வெறுங்கன்னத்தை வைத்து மறுபடி திருகைச் சரிசெய்தாள். ஐயம்பெருமாள் பெண்சாதி உலகம்மாள் வேலியில் வந்து நின்றாள்.

"காது மூளியாயிட்டு. தாலி எப்பமோ?"

"தாலி கழுத்துல கிடக்குட்டி. கன்னத்துல இடிக்கலை."

சாயங்காலம் பிள்ளை வந்தார். அன்னத்தாய் அண்ணாந்தாள். இந்தத் தடவை மட்டை ஆடவில்லை. அணில் பொத்தென்று விழுந்தது. பிள்ளை அதைப் பார்த்தார், அவள் காதைப் பார்த்தார். "வெட்டுக்கு ஆளைக் கூப்பிடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அவள் பாம்படம் போடவே இல்லை. 'மூளி' என்று ஊரே கூப்பிட்டது, அவளும் 'என்ன வே' என்று திரும்பினாள். மிச்ச அணிலெல்லாம் வெடிச்சத்தத்துக்கு வேலி தாண்டிவிட்டன. ஒரு மாதம் போயிருக்கும். ஐயம்பெருமாள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"மதினி, நம்ம தோப்புலயும் வந்து ரெண்டு சுட்டுத்தரணும். காயே தங்க மாட்டேங்கு."

அன்னத்தாய் குழலைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"நான் எதுக்கு வே? உலகம்மாளைக் காதுல கிடக்க பாம்படத்தைக் கழட்டிட்டு வரச் சொல்லு. சுடப் பழக்கி விடுதேன்."