ஓடையில் உட்கார்ந்த கார்

எங்கள் ஊருக்கும் ராசிபுரத்துக்கும் நடுவே ஒரு ஓடை. ஐப்பசியில் தண்ணீர் வந்துவிட்டால் சந்தைக்கு வண்டி போகாது. முந்தின வருஷம் என் மயிலைக்காளை ஒன்றை ஓடை கொண்டுபோய்விட்டது. அதிலிருந்து எனக்கு ஒரே எண்ணம். அங்கே ஒரு பாலம் வேண்டும்.

ஜில்லா போர்டுத் தேர்தல் வந்தது. வரி கட்டுகிறவனுக்குத்தான் ஓட்டு. எனக்கு இருந்தது. நின்றவர்கள் இரண்டு பேர். அப்போது ஆளுக்கொரு நிறத்தில் ஓட்டுப்பெட்டி வைப்பார்கள். ஒருவருக்குச் சிவப்புப் பெட்டி, மற்றவருக்குப் பச்சைப் பெட்டி.

சிவப்புப் பெட்டிக்காரர் பெரிய பண்ணையக்காரர். கார் வைத்திருந்தார். காரை ஓடைக்கு அந்தப் பக்கம் புளியந்தோப்பில் நிறுத்திவிட்டு, கரை வேட்டியை அவிழ்த்து முரட்டு வேட்டி கட்டிக்கொண்டு, என் மாட்டுவண்டியில் ஏறி ஊருக்குள் வந்தார். தோப்பில் ஆடு மேய்த்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

"நானும் உங்கள மாதிரிதானுங்க. களி தின்னு வளந்த ஒடம்பு" என்றார் கூட்டத்தில்.

களி கொண்டுவந்து வைத்தார்கள். மென்று தின்றார். களியை உருட்டி விழுங்குவோம்; மெல்லுகிற ஆளை அன்றைக்குத்தான் பார்த்தோம்.

நான் எழுந்து பாலம் கேட்டேன்.

"பாலம் என்னத்துக்குங்க? நானே வண்டியில அலுங்காம வந்து சேந்துட்டனே!"

எல்லாரும் கை தட்டினார்கள். இழுத்தது என் மாடு.

வீட்டில் வந்து சொன்னேன். வீட்டுக்காரி கேட்டாள்.

"ஏனுங்க, அந்தப் பச்சப் பொட்டிக்காரரு எதுல வாராரு?"

"காருல. கோட்டுப் போட்டுக்கிட்டு."

"ஓடையில எறங்கி நடப்பாரா?"

"மாட்டாரு. ஊருக்குள்ளயே காரு வரோணுமாம்."

"அப்பச் செரி" என்றாள்.

குடிதண்ணீருக்கு ஓடை மணலில் ஊற்றுத் தோண்டுவது பெண்கள் வழக்கம். எப்போதும் ஓரமாகத் தோண்டுவார்கள். பச்சைப் பெட்டிக்காரர் வருகிற அன்றைக்கு இவள் வண்டித்தடத்திலேயே தோண்டினாள்.

கார் வந்தது. முன்சக்கரம் ஊற்றில் உட்கார்ந்தது. அவர் இறங்கினார். முழங்கால் வரைக்கும் சேறு. ஊரே போய்த் தள்ளினோம். அவசரப்படவில்லை. வெயில் ஏறியது. கோட்டைக் கழற்றிவிட்டார்.

"தடத்துல எந்தப் புண்ணியவதி இதத் தோண்டுனது?"

"குடிக்கத் தண்ணி வேணுமுங்களே, சாமி" என்று வீட்டுக்காரி ஒரு சொம்பை நீட்டினாள்.

குடித்தார். குடித்துவிட்டு ஓடையைத் திட்டினார். போர்டைத் திட்டினார். "மனுசன் வார தடமா இது? நான் ஜெயிச்சா மொதக் காரியம் இங்க ஒரு பாலம்!" என்று கத்தினார். அன்றைக்கு அவர் பேசினது அவ்வளவுதான். நான் மாட்டைக் கட்டிக் காரைக் கரையேற்றினேன்.

ஓட்டுப் போடப் போகும்போது பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்னார்.

"களி திங்கறவன் இங்க நாமளே நெறைய இருக்கறோம். போர்டுக்கு எதுக்கு இன்னொருத்தன்? காரு வெச்சிருக்கறவன்தான் பாலம் கட்டுவான்."

எங்கள் ஓட்டெல்லாம் பச்சையில் விழுந்தது. அவர் ஜெயித்தார். சொன்னபடி பாலமும் வந்தது. அளவெடுக்கும்போது அவருடைய காரையே நிறுத்தி அகலம் அளந்தார்கள்.

காருக்கு அகலம் சரியாக இருந்தது. என் வண்டிக்கு இரண்டு பக்கமும் அச்சு பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உரசியது. மாட்டுக்குச் சோளத்தட்டுக் கட்டுகளை அகலமாக ஏற்றினால் நுழையாது.

தட்டு ஏற்றின நாளில் பாலத்துக்குப் பக்கத்திலேயே ஓடையில் இறக்கி ஓட்டினேன்.