புகையில் போன வெள்ளி

ஆரணியில் பழைய பட்டுப்புடவை வாங்கி, ஜரிகையிலிருந்து வெள்ளி எடுத்தவர்கள் எல்லாரும் சன்னலைத் திறந்து வைத்துத்தான் வேலை செய்தார்கள். சாத்தி வைத்த ஒரே மகா புத்திசாலி, என் அக்கா ஜெயத்தைக் கட்டிய தசரதன்.

புடவையை எரிப்பான். சாம்பலை விரலில் தேய்த்து வெயிலில் காட்டி ஜரிகை தேறுமா என்று பார்ப்பான். பிறகு அதைத் திராவகத்தில் போட்டால் செம்பழுப்பாகப் புகை கிளம்பும். அந்தப் புகையோடு வெள்ளியும் பறந்து போகிறது என்பது அவன் கண்டுபிடிப்பு. அதனால் 1993-இல் சன்னலுக்குச் சாக்கு அடித்தான். மாதம் ஒரு முறை சுவரைச் சுரண்டி அந்தச் சுண்ணாம்பையும் கரைத்தான். பொட்டு வெள்ளி வந்ததில்லை. சாக்கும் இறங்கவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

சட்டியைக் கிளறியது அக்கா. மகாராசன் வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருப்பான்.

"நெஞ்சு எரியுது, சாக்கைக் கொஞ்சம் அவுத்து வுடுங்க."

"வெள்ளி போனா உங்கப்பனா குடுப்பான்? ஜல்தி முடிச்சிகினு வெளிய வா."

நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சாக்கைக் கிழித்தால் அக்காவை எங்கள் வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவான் என்று பயம். தூ, நானும் ஒரு தம்பி!

பத்து வருடத்தில் அக்காவால் நான்கு படி ஏற முடியவில்லை. வேலூருக்கு அழைத்துப்போனோம். டாக்டர் டயானா நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"அந்தப் புகையில நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்த மூலக்கூறுங்க இருக்கு. எதைத் தொட்டாலும் அரிக்கும். நுரையீரல் புண்ணாகுது, உடம்பு அதைத் தழும்பு போட்டு ஆத்துது. மறுநாள் மறுபடி புண், மறுபடி தழும்பு. தழும்பு விரியாதுங்க. அப்புறம் எப்படி மூச்சு உள்ள போகும்?"

நான் அழுதுவிட்டேன். தசரதன் படத்தை எட்டிப் பார்த்தான்.

"பளபளன்னு கோடு கோடா தெரியுதே, வெள்ளிங்களா?"

டாக்டர் படத்தை உறைக்குள் போட்டார். "தழும்பு" என்றார்.

2004 ஆடியில் அக்கா போய்விட்டாள். மறுநாள் சுடுகாட்டில் பால் தெளித்து எலும்பு பொறுக்கினோம். எல்லாரும் எழுந்த பிறகும் தசரதன் சாம்பல் பக்கத்தில் குந்தியிருந்தான். பெண்டாட்டி மேல் எத்தனை பாசம் என்று உறவுக்காரர்கள் உச்சுக்கொட்டினார்கள்.

அவன் ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தான். வெயிலில் காட்டினான்.

சொம்பில் மிச்சமிருந்த பாலை அவன் கைமேல் ஊற்றினேன்.

"எழுந்திரு மாமா. அது ஜரிகை இல்ல, எங்க அக்கா."